அவங்களே சொல்லட்டும்

இன்று காலை அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண்ணின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையிடம் ஓமத் தண்ணீர் வாசனை அடித்தது. வெளியே நல்ல மழை. வராந்தா முழுக்க ஈரக் குடைகளின் வாடை. அதையும் தாண்டி அந்த வாசனை என் மேசைவரை வந்துவிட்டது. அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, வழக்கறிஞரைப் பார்க்க அனுப்பிவைத்த பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நீ போனபிறகு இரண்டு ஓணம் வந்து போய்விட்டது. இனி உன்னிடம் பேசுவதென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்று உன் துப்பட்டாவிலும் இதே வாசனைதான். ஆரியசாலையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் மூக்கருகே அதை நீட்டி, "மோந்து பாருடீ. இன்னிக்கு நாம படிச்ச பாடம் இதுதான், கேட்டியா?" என்றாய். எதற்கெடுத்தாலும் ஒரு 'கேட்டியா' போடுவாய். கேட்காமல் யாரும் தப்ப முடியாது.

நாம் பழகியதே ஒரு குளறுபடியில்தான். சமூகப் பணி முதுகலையில் சேர்ந்த புதிதில், கல்லூரி மரத்தடியில் நின்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். நீ பின்னாலேயே வந்து, "நீ தமிழா? இத்தனை நாளா நான் உன்கிட்ட மலையாளத்துல கஷ்டப்பட்டுண்டிருக்கேனே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். கஷ்டமெல்லாம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள் நீ. தடுமாறியது நான்தான். "சனிக்கிழமை ஆத்துக்கு வாடீ, சேர்ந்து படிக்கலாம்" என்றாய்.

நானும் போனேன். வலியசாலையில் பஸ் ஏறி, கரமனைப் பாலத்தருகே இறங்கி, ஆற்றுப் படித்துறையில் புத்தகங்களோடு நின்றேன். எங்கள் குடும்பம் நாகர்கோவில் பக்கம். எங்களுக்கு ஆறு என்றால் தண்ணீர் ஓடுவது. நீ போன் செய்தாய்.

"எங்கடீ இருக்கே?"

"ஆத்துலதான் நிக்கேன்."

"நானும் ஆத்துலதானே இருக்கேன். உன்னைக் காணலையே!"

"நீ எந்தப் பக்கம் நிக்க? தண்ணி வேற நெறைய போகுது."

"எங்காத்துல ஏதுடீ தண்ணி?"

அதற்குப் பிறகுதான் உனக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே தெருவில் ஓடி வந்தாய். அக்கிரகாரத்தில் வீட்டை ஆம் என்பார்கள் என்பதும், ஆத்துக்கு வா என்றால் வீட்டுக்கு வா என்று பொருள் என்பதும் அன்று எனக்குத் தெரிந்தது. உன் அம்மா கொடுத்த அரிசிச் சேவையைத் தின்றுகொண்டே நாம் படித்த பாடம் இப்போது எனக்கு நினைவில்லை. உன் சிரிப்பு நினைவிருக்கிறது.

இரண்டாம் வருடம் களப்பயிற்சிக்காக நம்மை ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்கு அனுப்பினார்கள். யார் வீட்டுக் கதவையும் தட்ட எனக்குக் கூச்சம். நீ முன்னால் நடப்பாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அப்படித்தான் ஆரியசாலைக் கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை வீடு ஒன்றுக்குப் போனோம். அது முத்துலட்சுமியின் வீடு. அவள் சங்கரன்கோவில்காரி, ஓட்டலில் காய் நறுக்கும் வேலை. கட்டட வேலைக்குப் போன அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தான். பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை, மடியில் ஒரு கைக்குழந்தை. கணவனின் அண்ணன் ஊரிலிருந்து வேனோடு வந்திருந்தார், அவளையும் பிள்ளைகளையும் கையோடு அழைத்துப்போக. பக்கத்து வீட்டுப் பெண் மையத்துக்குத் தகவல் சொல்லியிருந்தாள்.

மையத்தின் ஆலோசகர் நல்ல மனுஷி. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் மலையாளத்தில் கேட்டதற்கெல்லாம் முத்துலட்சுமி தலையை ஆட்டினாள். போக விருப்பமா என்றாலும் ஆட்டினாள், இருக்க விருப்பமா என்றாலும் ஆட்டினாள். அண்ணன்காரர்தான் பேசினார். நான் அதை மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எங்க தம்பி பிள்ளையளு அனாதையா கெடக்கலாமா? ஊர்ல வீடு இருக்கு, நாங்க இருக்கோம். இங்க இவளுக்கு யாரு இருக்கா?"

அவர் கெட்டவர் இல்லை. தம்பியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. கேட்பவர்களுக்கு அவர் சொல்வதுதான் நியாயமாகப்படும். ஆலோசகரும் தலையசைக்கத் தொடங்கியிருந்தார். வாசலில் துணி மூட்டைகள்கூடத் தயாராக இருந்தன.

நீ மட்டும் எங்கள் பேச்சில் சேரவில்லை. தரையில் அவள் அருகே போய் உட்கார்ந்தாய். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவளிடம் கேட்டாய்.

"அவளுக்கு என்னம்மா தெரியும்? பித்துப் பிடிச்ச மாதிரி இருக்கா" என்றார் அண்ணன்காரர்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. அவங்களே சொல்லட்டும்."

அவள் சொல்லவில்லை. குழந்தை சிணுங்கியது. அதை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி நீ பேசாமல் இருந்தாய். கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம் கேட்டது. ஆலோசகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நீ அவரைப் பார்த்துக் கெஞ்சுவது மாதிரி லேசாகக் கையைக் காட்டினாய். படிக்க வந்த பெண் இப்படிச் செய்கிறாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன்காரர் எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். நீ அசையவில்லை. அவளையே முறைத்துப் பார்க்கவும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி சாதாரணமாக இருந்தாய்.

கடைசியில் முத்துலட்சுமி தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"நான் வரல அத்தான். ஓட்டல்ல எனக்கு வேல இருக்கு. புள்ள இங்கன மலையாளம் படிக்கா, கிளாஸ்ல நல்லாப் படிக்கான்னு டீச்சர் சொல்லுதாவ. ஊருக்கு வந்தா உங்க எல்லாருக்கும் பொங்கிப் போட்டுட்டே கெடப்பேன். அவளும் என்னிய மாதிரி ஆயிருவா. நீங்க நல்லதுக்குத்தான் சொல்லுதிய. ஆனா நான் வரல."

கணவன் இறந்த பிறகு அவள் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை என்று பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னாள். அண்ணன்காரர் வாசலிலிருந்த துணி மூட்டைகளை எடுத்து உள்ளே வைத்தார். போகும்போது அந்தப் பெண் குழந்தையின் தலையில் கை வைத்துவிட்டு, "லீவுக்காவது அனுப்பி வையி" என்றார். வேன் ஆளில்லாமல் திரும்பிப் போனது.

அதோடு நீ விட்டிருந்தால் அது ஒரு நல்ல கதையாக மட்டும் நின்றிருக்கும். அவள் வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அடுத்து வந்த வாரங்களில் அங்கன்வாடி, வார்டு கவுன்சிலர், தொழிலாளர் நல அலுவலகம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தாய். ஓட்டல் முதலாளியிடம் பேசி அவளுடைய வேலை நேரத்தை மாற்றவைத்தாய். பகலில் குழந்தையை விட ஓர் இடம் கிடைத்தது. ஒருநாள் வெயிலில் நடந்துகொண்டிருந்தபோது நீ சொன்னாய்: "ஒரு குடும்பம் நிக்கறதுக்கு எத்தனை ஆபீஸ் வேண்டியிருக்கு பாத்தியா? இந்த ஆபீஸ்ல எல்லாம் உள்ளுக்குள்ள நம்மளும் இருந்தா என்னடீ?"

அரசு வேலைக்கு எழுதலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. உனக்குச் சுலபம். எங்கள் வீட்டில் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர், மகள் பேங்கில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. "அடுத்தவன் வீட்டுச் சண்டையத் தீர்க்கவா மக்கா உன்னை இவ்வளவு படிக்க வச்சேன்?" என்பார். நீ ஒரு மாலை வீட்டுக்கு வந்து, அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே அவரிடம் பேசினாய்.

"சண்டை எல்லார் ஆத்துலயும் உண்டு மாமா. யாராவது போய்க் கேக்கணுமோ இல்லையோ? நான் போனா நானே பேசிண்டிருப்பேன். இவ போனா கேப்பா. இவளை மாதிரி கேக்கறவா குறைச்சல்."

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் வாயே திறக்காதவள் என்று எல்லோரும் என்னைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதை ஒரு குறையாக அல்லாமல், ஒரு வேலைக்கு ஆகிற குணமாக முதலில் பார்த்தவள் நீ. அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை. நமக்குள் அந்த வார்த்தை புழங்கவில்லை.

நீ முதலில் தேறினாய், அங்கன்வாடிகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஆனாய். நான் முதல் தடவை தேறவில்லை. உன் வேலை முடிந்த மாலைகளில் என்னை உட்காரவைத்து, அரசாங்க மலையாளத்தைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தாய். அடுத்த தேர்வில் நானும் தேறினேன். பெண்களின் புகார்களைக் கேட்கும் பாதுகாப்பு அலுவலராக நான் சேர்ந்த அன்று, உன் வாழ்த்து ஒரே வரிதான்: "இனிமே ரெண்டு ஆபீஸ் நம்ம கையில."

உண்மையில் அப்படித்தான் நடந்தது. குழந்தையின் எடை பார்க்க வருகிற தாய்மார்கள், எந்த அலுவலகத்திலும் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள். நீ எனக்குப் போன் செய்வாய். "ஒரு பொண்ணை அனுப்பறேன். ஆத்துக்காரர் கல்ஃப்ல. மாமியார் போனைப் பிடுங்கி வச்சுண்டிருக்கா. அவ மெதுவாத்தான் பேசுவா. நீயா ஒண்ணும் எழுதிடாதே, கேட்டியா?" அப்படி நீ அனுப்பி என் முன்னால் உட்கார்ந்த பெண்களில் சிலர் இன்றைக்கும் சாலைக் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள். ஒருத்தி கணவனோடு சமாதானமாகி, அவனையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். அப்படி முடியாதவற்றை நாம் கரமனைப் பாலத்தில் நின்று பேசித் தீர்த்துக்கொண்டோம்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு பிற்பகலை மட்டும் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்றார் பெங்களூரிலிருந்து வந்த உன் அண்ணா. இங்கேயே இன்னொரு சுற்று மருந்து கொடுக்கலாம் என்றார் உன் கணவர். உன் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். எல்லோரும் உன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். நீ மேலே சுழலும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பேச்சுக்கு நடுவே நான் உன் கட்டிலில் உட்கார்ந்தேன். "உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

"அவ களைச்சுப் போயிருக்கா, அவளை ஏன்..." என்று அண்ணா ஆரம்பித்தார்.

"இருக்கட்டும் அண்ணா. அவளே சொல்லட்டும்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் ஆனதோ, தெரியவில்லை. உன் கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காத்திருந்தேன்.

"மதிடீ" என்றாய். போதும் என்பதைக்கூட மலையாளத்தில். "எனக்கு ஆத்துக்குப் போகணும்."

"ஆத்துக்குன்னா... வீட்டுக்கா, தண்ணி ஓடுற ஆத்துக்கா?" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

நீ சிரித்தாய். அந்த அறையில் பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. "ரெண்டுக்கும்" என்றாய்.

இரண்டுக்கும் போனாய். கரமனை வீட்டில் உன் கடைசி வாரங்கள் அமைதியாகக் கழிந்தன. மாலைகளில் உன் கணவர் உன்னை நாற்காலியோடு படித்துறைக்குத் தூக்கிவருவார். உன் அங்கன்வாடிப் பெண்கள் வந்து, ஆளுக்கொரு வம்பு சொல்லி உன்னைச் சிரிக்கவைப்பார்கள். முத்துலட்சுமி தன் விடுமுறை நாட்களில் வந்து உன் காலைப் பிடித்துவிட்டாள். அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்த அவள் மகளும் கூட வருவாள். உன் ரத்த அழுத்தத்தை அவள் அளந்தபோது, ஆஸ்பத்திரியில்கூடக் காட்டாத பணிவோடு கையை நீட்டிக்கொண்டிருந்தாய். நீ போன அன்று காலை உன் முகத்தில் கலக்கமில்லை என்று உன் அம்மா சொன்னாள். நான் அதை நம்புகிறேன்.

போன வாரம் கல்லூரியிலிருந்து நான்கைந்து மாணவிகள் களப்பயிற்சிக்காக என் அலுவலகத்துக்கு வந்தார்கள். எல்லோரும் முதுகலை, அரசு வேலைக்கு எழுத நினைப்பவர்கள். மேடம், நீங்கள் ஏன் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருத்தி மலையாளத்தில் கேட்டாள். நேர்முகத் தேர்வில் சொன்ன பதில் இன்னும் எனக்கு மனப்பாடம். பெண்களின் உரிமை, குடும்பங்களின் நலம் என்று ஆரம்பித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். அவளோடு சேர்ந்து வேலை செய்ய எனக்குப் பிடித்திருந்தது. அதனால் வந்தேன்" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதிக்கொள்ள எதுவும் இல்லாத பதில். "அவர் இப்போதும் சர்வீஸில் இருக்கிறாரா?" என்றாள் அந்தப் பெண். இல்லை, இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அழாமல் அதைச் சொல்ல முடிந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு உன்னைப் பற்றிப் பேசத் தொடங்கி, அவர்களுடைய பஸ் போனது தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தேன். நான்தான் கேட்பவள் என்று அப்பாவிடம் சொன்னாயே, அன்று நீ என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

நாளை அவர்களைக் கூட்டிக்கொண்டு பூந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருத்தி ரொம்பவும் கூச்சக்காரி, எல்லோருக்கும் பின்னால்தான் நிற்கிறாள். நிற்கட்டும். நான் முன்னால் நடப்பேன். கதவையும் நானே தட்டுவேன். எனக்கு இப்போது அதில் பயமில்லையடி.