சுட்டிக்குக் கொடுத்த புக்கை

நானாட்டான்
தை மாதம், 2012

அன்பு மகள் சாந்தரூபிக்கு,

பட்டிப்பொங்கல் அன்று எங்கள் முற்றத்தில் நின்றவர்கள்: உன் அண்ணன் கீர்த்தனன், அவன் மனைவி தக்சிகா, மறிச்சுக்கட்டியிலிருந்து வைக்கோல் ஏற்ற வந்த வஸீர், உன் மாமா சீவரத்தினம், நான். வேறு ஒருவரும் இல்லை. ஊரே நின்றதாக மாமா உனக்குப் போனில் சொன்னாராம். என் தம்பிக்குச் சின்ன வயதிலேயே கதை பெருத்துத்தான் வரும்.

போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், சொல்லவேண்டியது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். பிழை பார்க்காதே. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்.

சுட்டியை நீ படத்தில்தான் கண்டிருக்கிறாய். யாரோ நெடுந்தீவிலிருந்து கொண்டுவந்து, கோயில் திருவிழாக்களில் பிள்ளைகளை ஏற்றிப் பிழைத்துவிட்டு, நொண்டத் தொடங்கியதும் மன்னார்ப் பாலத்தடியில் அவிழ்த்துவிட்டுப் போன மட்டக்குதிரை. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பிய வருடம் அதை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிவந்தேன். அதற்கு இல்லாத வருத்தம் இல்லை. தூசி பட்டால் மூச்சு இழுக்கும், வைக்கோலை நனைத்துத்தான் போடுவேன். ஒரு கண் சிவந்து நீர் வடியும், வெயிலுக்குத் துணி கட்டவேண்டும். பல் தேய்ந்துபோனது, புல்லைப் பொடியாக அரியவேண்டும். எல்லாவற்றையும்விடக் குளம்பு. நெல், சோறு, இனிப்பு எது தின்றாலும் குளம்புக்குள் சூடேறிவிடும் என்று மிருக வைத்தியர் முதல் நாளே எச்சரித்தவர். எல்லோருக்கும் சொல்லித்தான் வைத்திருந்தேன்.

அன்று மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, பொங்கிய சர்க்கரைப் புக்கையை வாழையிலையில் கொடுத்தோம். மாடெல்லாம் தின்ன, இது ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நின்றால் யாருக்கு மனம் பொறுக்கும்? நான் விளக்கேற்ற உள்ளே போன நேரம் தக்சிகா ஓர் இலை வைத்திருக்கிறாள். அவள் நகர்ந்ததும் கீர்த்தனன் ஒன்று. நல்ல நாளில் இதை மட்டும் பட்டினி போடுவதா என்று வஸீர் தன் பங்கை அப்படியே நீட்டியிருக்கிறார். ஒவ்வொருவரும் தான் மட்டும் ஒரு வாய் கொடுத்ததாக நினைத்திருக்கிறார்கள். உன் மாமா ஒன்றும் கொடுக்கவில்லை. தன் இலையை வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை சுட்டி முன்னங்கால்களை நீட்டி, பின்னுக்குச் சாய்ந்து நின்றது. அடி எடுத்து வைக்கவில்லை. குளம்பைத் தொட்டால் அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. வைத்தியர் ஊசி போட்டார். பிழைக்கும் என்றும் சொல்லவில்லை, சாகும் என்றும் சொல்லவில்லை. குளம்பைக் குளிர்ச்சியில் வைத்திருக்கச் சொன்னார். அப்போதுதான் மாமா வாய் திறந்தார்: "நடக்க ஏலாததை வைச்சுக்கொண்டு என்னக்கா செய்யப்போறாய்? ஒரு ஊசியைப் போட்டுச் சாக விட்டிடு."

பிறகு உனக்கும் போன் எடுத்திருக்கிறார். நீயும் பிரான்ஸிலிருந்து, மாமா சொல்வதைக் கேளுங்கோ அம்மா என்கிறாய்.

கேட்கமாட்டேன். கீர்த்தனன் குளத்துச் சேறு வெட்டிவந்து கொட்டுகிறான். தக்சிகா அது காயவிடாமல் தண்ணீர் ஊற்றுகிறாள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வஸீர் ஒரு லோட் கடல் மணல் கொண்டுவந்து படுக்கை போட்டுவிட்டு, "பெரியம்மா, ஏசுங்கோ. நீங்க பேசாம இருக்கிறதுதான் பயமாக் கிடக்கு" என்றார். நன்றாக ஏசினேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நேற்று சுட்டி தானாக ஒரு காலை எடுத்து வைத்தது. என் சீலைத் தலைப்பைக் கடிக்கத்தான். கடிக்கட்டும் என்று நின்றேன்.

இனி, உனக்குச் சொல்லாத ஒன்று. அண்ணனுக்கே நேற்றுத்தான் சொன்னேன். கடைசிச் சண்டையில், மாத்தளனில் அப்பா ஷெல் பட்ட இடத்திலேயே போனார் என்று மாமா சொன்னதை நம்பி நீ விரதம் பிடிக்கிறாய். அப்பாவுக்குக் காயம் காலில்தான். மரத்தில் சாய்ந்திருந்து தண்ணீர் கேட்டார். போத்தலோடு திரும்பி வந்த என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான் உன் மாமா. "அத்தானால நடக்க ஏலாது, விட்டிட்டு வா" என்றான். அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்று இழுபடாமல் நிற்க எனக்குப் பலமில்லை. இன்று இருக்கிறது.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். குளிருக்குக் காலை மூடி நட, என் பிள்ளை. விட்டிடு என்ற சொல்லை மட்டும் இனி என்னிடம் சொல்லாதே. புக்கை கொடுத்த மூன்று பேரோடும் எனக்குக் கோபமில்லை, அவர்கள் ஆசையில் கொடுத்தவர்கள். சாகும்வரை நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான், என் கூடப்பிறந்த சீவரத்தினம்.

உன் அம்மா,
இராசம்மா