மஞ்சப்பையை நீ தூக்கினாய்

அண்ணே,

போன திங்கட்கிழமை அண்ணி என் கையில் ஒரு மஞ்சப்பையைக் கொடுத்தார். உள்ளே ஸ்கேன் கவர், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மருந்து நெடி. அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்து இரண்டு வருஷம் ஆன மனுஷன் மேல் இன்னுமா கோபம் என்று என் பெண்டாட்டி செல்வி கேட்டாள். ஆமாம், இன்னும்தான்.

என் கழுத்தில் கட்டி வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சித்தையன்கோட்டையிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு எத்தனை நடை! அத்தனை நடையிலும் பை உன் கக்கத்தில்தான் இருந்தது. "நீ வெளிய உக்காருப்பு, நான் பேசிட்டு வாரேன்" என்று டாக்டர் அறைக்குள் நீ மட்டும் போவாய். திரும்பி வந்து, "டிபி கட்டிதான்லே, ஊசி போட்டாக் கரைஞ்சிரும்" என்று தோளைத் தட்டுவாய். நானும் நம்பினேன். சீக்காளிக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் இருப்பதுதானே நம் வீட்டில் பாசம். இரண்டாவது ஊசிக்குப் போனபோது தலையில் முடி இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்தான், "தம்பி, உனக்கு எந்த இடத்துல கேன்சர்?" என்று கேட்டார்.

பிழைத்துக்கொண்டேன். அதற்கு நீ அலைந்த அலைச்சலை நான் மறுக்கவில்லை. கல்யாணமும் நீதான் பண்ணி வைத்தாய். ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. ஊரில் வாய் சும்மா இருக்குமா? வளைகாப்பு வீடுகளில் செல்வியை ஓரமாக உட்கார வைத்தார்கள். நீ என்ன சொன்னாய்? "படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வச்சு ஏறச் சொல்லு, முருகன் குடுப்பான்." பழனிப் படியில் அவள் குனிந்து குனிந்து பொட்டு வைத்து ஏறினாள். பின்னாலேயே தட்டைப் பிடித்துக்கொண்டு நீ வந்தாய்.

அப்புறம்தான் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மா என்னைப் பரிசோதித்தார். என்னிடம் விந்தணு ஒன்றுகூட இல்லை. "கேன்சர் ஊசி போடுறதுக்கு முன்னாடி எடுத்துச் சேமிச்சு வைக்கச் சொல்லலையா?" என்று கேட்டார். நேரே தோட்டத்துக்கு வந்தேன். மோட்டார் ரூம் வாசலில் நின்று நீ சொன்னதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"சொன்னாங்கப்பு. எடுத்து உறைய வச்சுட்டா, பின்னாடி பிள்ளை பெத்துக்கலாம்னாங்க. அதுக்கு உன்கிட்ட கேன்சருன்னு சொல்லணும்ல? பயந்தே செத்துருப்பலே."

"சரி, அன்னைக்கு நான் பயந்துருவேன். செல்வி படியேறுனப்ப யாரு பயந்தா?"

நீ மோட்டாரைப் போடப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. மாரடைப்பு உன்னை அதிலிருந்தும் காப்பாற்றிவிட்டது.

இப்போது உன் மகன் கார்த்திக்கு அதே கழுத்துக் கட்டி. வயது இருபத்திரண்டு. "வெள்ளிக்கிழமை மொத ஊசி தம்பி. டிபி கட்டின்னுதான் சொல்லிருக்கோம், நீங்களும் அப்படியே சொல்லிருங்க. அவங்கப்பா இருந்தா இப்படித்தான் செஞ்சிருப்பாரு" என்றார் அண்ணி. அது சத்தியமான வார்த்தை. நீ இல்லாமல் போனது அவனுக்கு நல்லதாய்ப் போயிற்று, அண்ணே.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். அவன் டீ ஆறி ஆடை கட்டியது.

"பிழைச்சுருவேனா சித்தப்பா?"

"நான் பிழைக்கலையாடா?"

அடுத்து, ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியத்தைச் சொன்னேன். "ஐயே, போங்க சித்தப்பா!" என்று முகத்தை மூடிக்கொண்டான். மூடிய கைக்குள்ளேயே அழுதான். புதன்கிழமை அவனே என்னை மதுரைக்குப் பஸ் ஏற்றினான். செய்தி தெரிந்து அண்ணி என்னைப் பேசாத பேச்சில்லை. பேசட்டும்.

அவன் அந்தச் சின்ன அறைக்குள் போனான். வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "நீங்க அப்பாவா?" என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டார். "சித்தப்பன்" என்றேன். அவன் தலைகுனிந்து வெளியே வந்ததும், "இந்தா, உன் பை. நீயே தூக்கு" என்று அவன் கையில் கொடுத்தேன்.

ஒருநாள் அவனுக்குப் பிள்ளை பிறக்கலாம். மாலை போட்ட உன் படத்தைக் காட்டி, தாத்தாவைக் கும்பிடு என்பார்கள். கும்பிடட்டும், நான் தடுக்க மாட்டேன். அதை வைத்து உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. படியில் குனிந்திருந்த செல்வியின் முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவள் நிமிரும்போதெல்லாம் குங்குமத் தட்டை நீட்டினாயே, அண்ணே. அப்போதே உனக்கு எல்லாம் தெரியும்.