அம்மாவின் சட்டையும் இரண்டு டம்ளர் பாலும்

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் தையல் மெஷினும் சௌக்கியம். மூவரில் எண்ணெய் கேட்பது மெஷின் மட்டும்தான். நீயும் சௌக்கியம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன், கோட்டு தைக்க நீ அனுப்பிய அளவைப் பார்க்கும்வரை.

போனில் உனக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. உடம்பைக் குறைக்கிறேன் என்று அம்மா பாலை அறவே நிறுத்தினாள் அல்லவா, பிறகு தயிரும் போயிற்று, ராத்திரிச் சாப்பாடும் போயிற்று. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. சொன்னால் கேட்கிற ஆளா? இளைத்துவிட்டோம் என்று நம்பினால் சாப்பிடுவாள் என நினைத்து, அவள் கடைக்குப் போன நேரத்தில் அவளுடைய சட்டைகள் அத்தனையிலும் இடுப்புத் தையலைப் பிரித்து ஓர் அங்குலம் தளர்த்திவிட்டேன். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தைத்தவனுக்குப் புத்தி போன போக்கைப் பார். மறுநாள் கண்ணாடி முன் நின்று, "பாத்தீங்களா, பாலை விட்டதும் எப்படி இளைச்சுட்டேன்" என்று குதித்தவள், மத்தியானச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டாள். நான் உண்மையைச் சொல்லாமல் நழுவிவிட்டேன். நாலாம் நாள் மாடிப்படியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அழுதேவிட்டேன்.

டாக்டரம்மா எடை பார்த்தார், குறைந்தது ஒரே ஒரு கிலோ. ஒரு கிலோவுக்கா சட்டை அத்தனையும் தளர்ந்தது என்று அம்மா என் பக்கம் திரும்ப, என் குட்டும் அங்கேயே உடைந்தது. பால் எடையைக் கரைக்கிற மருந்தில்லை, ஆனால் இளைக்கிற நேரத்தில் அதை நிறுத்தி ஈடாக வேறெதுவும் சாப்பிடாவிட்டால் எலும்புக்குக் கால்சியம் போதாமல் போகும், பாலிலுள்ள புரதம் பசியும் தாங்கும், கொழுப்பு எடுத்த பால் தினம் இரண்டு டம்ளர் சர்க்கரையில்லாமல் குடித்து, வேளைக்கு அளவாகச் சாப்பிட்டு நடங்கள் என்றார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாலை என்னிடமே நீட்டி ஆற்றித் தரச் சொன்னாள். ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறாள். போன வாரம் அதே சட்டைகளைப் பிடித்துத் தைத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

இனி உன் கதைக்கு வருகிறேன். இரண்டே மாதத்தில் இடுப்பில் மூன்று அங்குலம் போயிருக்கிறது. கேட்டால் சிரித்து மழுப்புகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. இளைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிட்டு இளை. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது.

கோட்டை நீ அனுப்பிய அளவுக்கே தைத்திருக்கிறேன், இந்த முறை திருட்டுத்தனம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

நீ நூறு வருஷம் திடமாக இருக்க வேண்டும்.

பால் மீசையோடு பக்கத்தில் இருக்கும் அம்மாவும்,
உன் அப்பாவும்