ஓ.டி. முடியாத அம்மாவுக்கு

அம்மா,

இன்று காலை சத்துமாவு டப்பா காலியாகிவிட்டது. கரண்டிக் காம்பால் அடியைச் சுரண்டிப் பார்த்தேன். பாப்பாவுக்கு ஒரு வேளைக் கஞ்சிக்குக்கூடக் காணாது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவுக்குள் முகத்தை விட்டு முகர்ந்தேன். வறுத்த கோதுமை வாசனை, பொட்டுக்கடலை வாசனை, அதற்குப் பின்னால் லேசாகச் சுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தபோது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நீ வறுத்த மாவு அது. "மிஷினுக்கு நீ எட்துனு போடி, என்னால நிக்க முடியல" என்றாய். கேழ்வரகு மாவைக் கலந்து கலந்து இத்தனை மாதம் ஓட்டினேன்.

பாப்பா எட்டிப் பார்த்தாள். "தீந்துட்சா அக்கா?"

"தீந்துபோச்சு."

"கடைல வாங்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள். வேறு ஏதாவது சொல்வாள் என்று நான் டப்பாவோடு நின்றுகொண்டே இருந்தேன். அவள் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ தொழிற்சாலையின் தையல் பிரிவுக்குக் கிளம்புகிற காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் தெருவில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லாரும் குழந்தையின் கண்ணில் படாமல்தான் நழுவுவார்கள். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டு சரோஜாக்கா உனக்கும் அதையே சொன்னார். நீ கேட்கவில்லை. பையைத் தரையில் வைத்து, பாப்பாவின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, அவள் கன்னத்தைப் பிடித்துச் சொல்வாய்: "பாப்பா, அம்மா டூட்டிக்குப் போய்ட்டு வரேன். சங்கு ஊதினா வந்துருவேன்." உடனே அவள் தரையில் புரண்டு அழுவாள்.

"இன்னாத்துக்குமா கொயந்தய அயவுட்ற? பின்னால தூக்கினு போயி காக்கா காட்டுனா அது பாட்டுக்கு மறந்துட்டு கெடக்கும்" என்பார் சரோஜாக்கா.

"அயுவட்டும்க்கா. சொல்லிட்டுப் போனா அய்துட்டு நிறுத்திரும். சொல்லாம போனா நாள் பூரா வாசலையே பாத்துகினு நிக்கும்."

நீ சொன்னது சரி. தெரு முனையில் நீ திரும்பும் முன்பே அவள் அழுகையை நிறுத்திவிடுவாள். மாலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். கொஞ்ச நேரத்தில் நீ வந்துவிடுவாய். ஒருநாளும் அது பொய்த்ததில்லை.

வேலை அதிகமாகி ஓவர்டைம் பார்க்கிற நாட்களில் மட்டும் காலையிலேயே "இன்னிக்கு ஓ.டி. பாப்பா. ரெண்டாவது சங்குக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவாய். பால், காக்கா என்ற சொற்களுக்கு அடுத்தபடியாக அவள் கற்றுக்கொண்ட சொல் ஓ.டி. அதன் பொருள் அவளுக்கு இவ்வளவுதான்: அம்மா வரும், ஆனால் லேட்டாக வரும். உன் காய்கறிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நானு ஓ.டி. போறேன்" என்று தண்ணீர்க் குடத்தைச் சுற்றி வருவாள். பை தரையில் இழுபடும். "போ ராசாத்தி. ஒயுங்கா வேல செஞ்சிட்டு சங்கு ஊதினா வந்துரு, இன்னா?" என்று நீ சிரிக்காமல் சொல்வாய்.

ஓ.டி. இல்லாத நாட்களில் கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவளை ரயில்வே கேட்டுக்குத் தூக்கிப் போவாய். நானும் வருவேன். கூட்ஸ் வண்டியின் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாய், கார்டு கொடி காட்டினால் கடைசி வாய். ஒருநாள் வண்டி வரத் தாமதமானது. கல்லில் உட்கார்ந்தபடியே நீ தூங்கிவிட்டாய். கிண்ணம் உன் மடியில் இருந்தது. பாப்பா அதிலிருந்து எடுத்து உன் வாயில் வைத்தாள். நீ கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தாய், மென்றாய், மறுபடி திறந்தாய். நான் உன்னை எழுப்பவில்லை. நீ எவ்வளவு களைத்திருந்தாய் என்று அன்றுதான் பார்த்தேன். காமாலை அப்போதே உனக்குள் இருந்ததோ என்னவோ.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு அம்மாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மோரில் கலந்து குடித்துவிட்டு நீ டூட்டிக்குப் போனாய். பிறகு போக முடியவில்லை. ஆட்டோ வந்த விடியற்காலையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நீ குந்தி உட்காரப் பார்த்தாய், முடியவில்லை. நின்றபடியே அவளைப் பார்த்துவிட்டு என்னிடம், "எயுப்பாத. எழுந்தா நீ சொல்லிரு" என்றாய்.

சொன்னேன் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய், உடம்பு சரியானதும் வருவாய் என்று சொன்னேன். அவள் அழுதாள், நிறுத்தினாள்.

உன்னைக் கொண்டுவந்த அன்று, சின்னக் குழந்தை பார்க்கக் கூடாது என்று அவளை ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிற சரோஜாக்காவின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்து, வீடு கழுவி, தரை காய்வதற்குள் அவளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு பேர் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் போய், "அம்மா?" என்றாள்.

அப்பாவின் தலை இன்னும் ஈரமாக இருந்தது. அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "அம்மாவுக்கு ஓ.டி. பாப்பா."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். இந்தப் பொய்யை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. சங்குச் சத்தத்தில் வாழ்கிற நம் தெருவில், அப்பாவின் இடத்தில் யார் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பாப்பா தலையாட்டினாள். அழக்கூட இல்லை. ஓ.டி. என்றால் லேட்டாக வரும், அவ்வளவுதானே.

மறுநாளிலிருந்து இரண்டாவது சங்குக்கு என்னை இழுத்துக்கொண்டு தொழிற்சாலைக் கேட்டுக்குப் போக ஆரம்பித்தாள். வாட்ச்மேன் முதலில் கேலி செய்தார்: "இன்னா மேடம், நைட் ஷிப்டா?" யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போல. அதற்குப் பிறகு எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ நேராகப் பார்க்கிற போட்டோ வீட்டில் ஒன்றும் இல்லை. கல்யாணப் படத்திலிருந்து உன் தலையை மட்டும் பெரிதாக்கி, புருவம் தீட்டி, கன்னத்தில் ரோஸ் நிறம் பூசி ஸ்டூடியோக்காரர் கொடுத்தார். அதற்கு மாலை போட்டுச் சின்னச் சிவப்பு பல்பு ஏற்றினோம். பாப்பா, "யாரு அந்த அக்கா?" என்று கேட்டாள். ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்திருந்த பெரியம்மா அவளைத் தூக்கிக் காட்டினார். "அதான்டி உங்கம்மா. சாமி ஆயிட்சி. கும்பிட்டுக்கோ."

"தோ, எங்கம்மா ஓ.டி.ல கீது" என்றாள் பாப்பா. இருந்தாலும் சாமி என்று சொன்னார்கள் அல்லவா, கையைக் குவித்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சத்தமாகவே வேண்டினாள்: "சாமி, எங்கம்மாக்கு ஓ.டி. போதும்னு சொல்லு."

பெரியம்மா அவளை இறக்கிவிட்டு அடுப்படிக்குள் போனார். அவர் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

அவளைப் பால்வாடியில் சேர்த்தோம். அங்கே ஒரு பையன், "உங்கம்மா செத்துப்பூட்சி" என்று சொல்லியிருக்கிறான். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்கம்மா ஓ.டி. பாக்குது. உங்கம்மாதான் ஊட்ல சும்மா குந்தினு கீது" என்றாளாம். ஆயாம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார். "இம்மாத்தூண்டு இருந்துகினு இன்னா வாய் பேசுது பாரு!" என்று ஆரம்பித்தவர், பாதியில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. நீ அவளிடம் சொல்லாமல் போனதே கிடையாது. இப்போது நாங்கள் எல்லாரும் சேர்ந்து உன்னைச் சொல்லாமல் போனவளாக ஆக்கிவிட்டோம். எப்படியாவது அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் உன்னை மறப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும். உன்னை ஞாபகம் இருக்கும்போது சொன்னால்தானே யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்?

எனக்குத் தெரிந்த ஒரே வழி நூலகம்தான். குழந்தை வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்தேன். "பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு இது எதுக்கும்மா?" என்றார் நூலகர். "தங்கச்சிக்கு சார்" என்றேன். "அது படிக்குமா?" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லக் கூடாது, குழந்தைக்குப் புரிகிற எளிய சொற்களில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த எளிய சொற்கள் எவை என்று மட்டும் இல்லை. பக்கத்தைத் திருப்பினால் பல் முளைப்பது பற்றிய பாடம்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எண்ணெய்க் கறை போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "புக்ல ஈசியா போட்ருவான். எங்க, நீ சொல்லு பாப்போம். தோ, அங்க வெளாடினு கீது. போயி சொல்லு."

அவளிடம் போனேன். வாயைத் திறந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னாக்கா?" என்றாள். "ஒன்னுமில்ல" என்று திரும்பி வந்தேன். அப்பா தேய்த்த கையையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து அந்த வாக்கியத்தைத் தேடினேன். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிறவள், மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரே ஒரு வாக்கியம் அமைக்க முடியாமல் திண்டாடினேன். இறந்துவிட்டார் என்பது செய்தித்தாளில் வருகிறது. செத்துப்போச்சு என்றால், கரண்டுக் கம்பியில் அடிபட்டு விழுந்த காக்காய்தான் அவளுக்கு நினைவு வரும். சாமிகிட்ட போய்ட்டாங்க என்றால், கூட்டிக்கொண்டு வா என்பாள்.

நான் தேடிக்கொண்டிருந்தபோதே அந்த மாலை வந்துவிட்டது. இரண்டாவது சங்கு ஊதிக் கொஞ்சம் பேர்தான் வெளியே வந்தார்கள். பாப்பா என் கையை உதறிக்கொண்டு ஓடி, பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண்ணின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா!"

எனக்கு முன்பின் தெரியாத பெண். உன்னைவிட உயரம், ஒல்லி, கறுப்பு. மூக்குத்திகூட வேறு பக்கம். முகத்தைப் பார்த்ததும் பாப்பா ஏமாந்து அழுவாள் என்று பயந்து ஓடினேன். அந்தப் பெண் அவளைத் தூக்கிவிட்டார். பாப்பா அந்த முகத்தை மிக அருகிலிருந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் அப்படியே நின்றுவிட்டேன் அம்மா. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"யாரும்மா நீங்க?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார். எங்களுக்கு அம்மா இல்லை என்று மெல்லச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "கண்ணு, நான் உங்கம்மா இல்லடா."

பாப்பா யோசித்தாள். "ஒனுக்கு ஓ.டி. முட்ஞ்சிச்சா?"

"முட்ஞ்சிச்சிடா."

"அப்ப நீயே வா, ஊட்டுக்குப் போலாம்."

அவர் அவளை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு வேகமாக நடந்துவிட்டார். பாப்பா பெரிதாக அழவில்லை. பட்டாணி கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் தமிழ் வகுப்பில், வேறு ஏதோ பாடம் நடக்கும்போது, எனக்கு வேண்டிய வாக்கியம் முழுதாக மனத்தில் வந்து நின்றது. மணி அடித்ததும் ஓடி வந்தேன். சரோஜாக்கா வீட்டுப் பிள்ளைகளோடு பாப்பா மணலில் இருந்தாள். சங்கு ஊதியது. அவள் தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது சங்கும் ஊதியது. அப்போதும் மணலைத்தான் குவித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, மறந்துட்சி" என்றார் சரோஜாக்கா. அவர் குரலில் ஒரு நிம்மதி. "கொயந்தைங்க அப்டித்தான். நல்லதுதான் வுடு. நீயும் படிப்பப் பாரு."

நான் பாப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "பாப்பா, அம்மா இருக்குல்ல…" என்று ஆரம்பித்தேன்.

"எந்த அம்மா? ஆயாம்மாவா?"

குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பால்வாடியில் ஆயாம்மா, டீச்சரம்மா, தெருவில் பூக்காரம்மா என்று அவளுக்கு நிறைய அம்மாக்கள். நான் மணலைக் கொஞ்சம் அள்ளி அவள் குவியலில் போட்டேன்.

இப்போது எல்லாரும் சமாதானமாக இருக்கிறார்கள். அப்பாகூடச் சாப்பிடுகிறார். பெரியவளானால் அவளே புரிந்துகொள்வாள் என்கிறார்கள். புரிந்துகொள்வாள்தான், சரித்திரப் பாடம் புரிகிற மாதிரி. வாயைத் திறந்து காத்திருந்த உனக்குச் சோறு ஊட்டியது தன் கைதான் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை. நான் சொன்னாலும் அது என் கதையாகத்தான் இருக்கும்.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைத்தது, கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், வார்த்தை மாறிவிடக் கூடாதே என்று. அவளிடம் இப்படிச் சொல்வதாக இருந்தேன் அம்மா:

"அம்மா இனிமே வராது பாப்பா. வரணும்னு அதுக்கு ரொம்ப ஆசை."