தணிக்கையில் சிக்கிய வினைச்சொல்

செவ்வாய், 9 பிப்ரவரி 1943

வாடைக்காற்று. கண்ணெல்லாம் உப்பு. ஏழாம் வகுப்பு இலத்தீன் தாள்கள் திருத்தி முடித்தாயிற்று.

கொழும்புக் கல்லூரியில் இருக்கும் சாமிக்கு நான்கு பக்கக் கடிதம். குருமடத்தில் என் பக்கத்து மேசைக்காரர். நான் பாதியில் வெளியேறினேன், அவர் பாதிரியாரானார். பொருள்: ‘சுமக்கிறேன்’ என்ற வினை. இலத்தீன் பிறக்கும் முன், அதன் தாய்மொழியில் எப்படி இருந்திருக்கும்? ஏடு இல்லை, கல்வெட்டு இல்லை. ஊகம்தான். ஊகித்த வடிவம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நட்சத்திரக் குறி போடுவது வழக்கம்.

*ஃபெரோ, சுமக்கிறேன்
*ஃபெரெஸ், சுமக்கிறாய்
*ஃபெர்த், சுமக்கிறான்

பன்மை மூன்றும் எழுதி, தபாலில் சேர்த்தேன்.

புதன்

மூன்றாவது வடிவம் தப்பு! சமஸ்கிருதத்தில் பரதி, கிரேக்கத்தில் பெரெய். இரண்டிலும் நடுவில் உயிரெழுத்து நிற்கிறது. இலத்தீன்தான் பின்னால் விழுங்கியிருக்க வேண்டும். எனவே *ஃபெரெத். நோட்டில் திருத்தினேன். சாமிக்கு மறுகடிதம் போட வேண்டும். ரேஷனில் அரிசி இல்லை, கம்புதான்.

வெள்ளி

பள்ளி வாசலில் தபால்காரர், குரலைத் தாழ்த்தி: “சார், ஒங்க கடுதாசி கப்பல் ஏறல. தணிக்கையில பிரிச்சிட்டாவ. நட்சத்திரம், சுமக்கான், கொழும்புன்னு என்னமோ பேசிக்கிட்டாவ.”

துறைமுக ஊர். யுத்த காலம். போன மாதம் வானொலி வைத்திருந்தவரைக் கூட்டிப் போனார்கள். இன்னும் திரும்பவில்லை. மதிய வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

சனி

திங்கள் பத்து மணிக்கு ஸ்டேஷனில் ஆஜராகும்படி போலீஸ்காரர் வந்து சொல்லிப் போனார். தலைமை ஆசிரியரிடம் போனேன். “ஒம்ம மேல சந்தேகமில்ல வே. ஆனா பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்குல்லா.” விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வர வேண்டாமாம்.

வீட்டில் மனைவி மிக்கேலம்மாள் சாப்பிடவில்லை. “அந்த நோட்டெல்லாம் எங்கன வச்சிருக்கீய?” அலமாரியில் என்றேன்.

ஞாயிறு

பூசை. எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

திங்கள், மாலை

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர், கையில் என் கடிதம். “யாருவே சுமக்கா? என்னத்தச் சுமக்கா? நட்சத்திரம்னா கப்பலா?”

யாருமில்லை ஐயா, பழைய மொழியின் வினைச்சொல் என்றேன். நட்சத்திரம் என்றால், யாரும் எழுதிவைக்காத சொல். வீட்டு நோட்டுகளில் இப்படி நிறைய உண்டு என்றேன்.

“யாரும் எழுதாத சொல்லுக்கு நாலு பக்கமா? சரி, நோட்டு இருக்குன்னீரே. அதுல இதே சங்கதி இருந்தா வீட்டுக்குப் போவும்.”

கான்ஸ்டபிளோடு வீட்டுக்கு. அலமாரி காலி. மிக்கேலம்மாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அடுப்புல போட்டுட்டேன். அதக் கண்டா ஒங்கள விடமாட்டானுவன்னு...” பன்னிரண்டு வருட நோட்டுகள். கான்ஸ்டபிள் குனிந்து சாம்பலைப் பார்த்தார்.

திரும்பப் போனபோது இன்ஸ்பெக்டரின் முகம் மாறியிருந்தது. “எரிச்சாச்சு, என்ன? காகிதம் இல்லாம சொல்லும்.” கடிதத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

முதல் வடிவம் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் நாக்கு நின்றது. எழுதியதை அப்படியே சொன்னால் பிழைத்தேன். அது தெரிந்தே இருந்தது. வாயில் வந்தது ஃபெரெத்.

விரல் நின்றது. “இங்க அப்படி இல்லையே.”

“எழுதினது தப்பு, ஐயா. மறுநாள்தான் தெரிஞ்சுது.”

ஏன் தப்பு என்று சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. பரதி, பெரெய், நாம் சொல்லும் பாரம்கூட அந்த வேரிலிருந்து சமஸ்கிருதம் வழியாக வந்ததுதான் என்பது வரை. கால் மணி நேரம். சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

அவர் கடிதத்தை மடித்தார். “ரகசியக்காரன்னா எழுதினபடியேல்லா ஒப்பிப்பான். இந்த எடத்துல நின்னுக்கிட்டு சொந்தக் கடுதாசியையே தப்புங்கீரு. போவும் வே.”

யுத்தம் முடியும்வரை அயல்நாட்டுக்கு எழுதுவதில்லை என்று கையெழுத்து. கடிதம் அவர்களிடமே.

செவ்வாய்

வகுப்பு உண்டு. பையன்கள் வழக்கத்துக்கு மாறாக அமைதி.

சாயங்காலம் மிக்கேலம்மாள் மீன் அரிந்துகொண்டே, நிமிராமல்: “அது என்ன சொல்லு? ஒங்களக் கொண்டுபோச்சே, அது.” பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

“சுமக்கிறான்.”

“யாரு?”

யாருமில்லை என்றேன். “யாருமில்லாததுக்கா அத்தனையும் எரிச்சேன்?” அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு அழுதாள்.