கூரைக்கு வெளியே நிற்கும் மோட்டார்

18 நவம்பர், செவ்வாய்

ஸ்பார்க் பிளக் மறுபடியும் கரி பிடித்துவிட்டது. இரண்டு மாதத்தில் இது நான்காவது. லாயாங்-லாயாங் சாலையில் மோட்டார் சைக்கிள் திக்கித் திக்கி நின்றுபோனது. தள்ளிக்கொண்டே தொழிற்சாலைக்குப் போனேன். அரை மணி நேரம் தாமதம்.

சூப்பர்வைசர் சேகர் அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உன் மோட்டாருக்கு மட்டும் ஏன்டா அடிக்கடி காய்ச்சல் வருது? இன்னொரு தடவ லேட்டானா பெர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேர் இருக்காது."

மதியம் நானே பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குற்றம் பிளக்கில் இல்லை. எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயர் முனை மழைநீரில் பச்சை பூத்துக் கிடந்தது. எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாக நம்பி, இன்ஜெக்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. கரி வராமல் என்ன செய்யும்? பட்டறைக்காரர் ஒவ்வொரு தடவையும் பிளக்கை மட்டும் மாற்றி அனுப்பினார்.

என்னைப் போன்ற காண்டிராக்ட் ஆட்களின் மோட்டார்கள் திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும். கூரை போட்ட நிறுத்துமிடம் நிரந்தர ஆட்களுக்கு. அதில் பாதி இடம் காலி.

அண்ணனிடம் ஒயரைக் காட்டினேன். "கூரைக்குக் கீழ விட்டா இது நடக்காதுண்ணே."

"அது பெர்மனென்ட் ஆளுங்களுக்கு லா. நீ மொதல்ல பெர்மனென்ட் ஆகு."

"லேட்டாகாம இருந்தாத்தானே ஆக முடியும்? நனையாம இருந்தாத்தானே லேட்டாகாது?"

"வாய் மட்டும் நல்லா ஸ்டார்ட் ஆகுது உனக்கு."

முனையைச் சுரண்டி, பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நாளை கூரைக்கு அடியில்தான் நிறுத்துவேன். அதற்காகப் பெயரை வெட்டினால், காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும்: மோட்டாரை நனையாமல் வைத்தான் என்று.