கோல்ட் ரூமில் விளக்கணைத்த நேரம்

நேற்று உன் மகள் வந்திருந்தாள். சுங்கை பாக்காப்பிலிருந்து கொட்டும் மழையில் பாலம் தாண்டி, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையோடு. "அங்கிள், இது அப்பாவோட ஜாக்கெட். வீசவும் மனசு வரல, யாருக்கும் கொடுக்கவும் மனசு வரல. நீங்க வச்சுக்கிறீங்களா?" என்றாள். கைநீட்டி வாங்கிக்கொண்டேன். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் பையைப் பிரித்தேன். ஈர அட்டைப்பெட்டி வாசம், உறைந்த மீனின் வாசம், இரண்டுக்கும் மேலே நீ ஓயாமல் மூக்கில் தேய்த்துக்கொள்ளும் தைலம். வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் அந்தத் துணி எதையும் விடவில்லை. ஜாக்கெட் பையில் ஒற்றைக் கையுறை இருந்தது. அடுத்ததை வழக்கம்போல் தொலைத்திருக்கிறாய்.

நம் பினாங்கில் பனிக்காலம் ஏது? ஊரே வியர்த்துக்கொண்டிருந்தபோது நீயும் நானும் மட்டும் இருபத்திரண்டு வருடம் பனிக்காலத்தில் வேலை பார்த்தோம். கம்பெனியின் குளிர்க் கிடங்கு, நம் வாயில் கோல்ட் ரூம். மைனஸ் பதினெட்டு டிகிரி. கூரைவரை மீன் பெட்டி, கோழிப் பெட்டி. நீ ஒரு வரிசையில், நான் அடுத்த வரிசையில், நடுவே பெட்டிச் சுவர். குளிர் அதிகம் ஏறினால் ஆளுக்குத் தூக்கம் வரும், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். அதனால் நமக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒருவன் குரல் கொடுக்க வேண்டும்: "இருக்கியா?" மற்றவன் உடனே சொல்ல வேண்டும்: "இருக்கேன் லா!"

ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! கல்யாண வாழ்க்கை முழுக்கத் தன்னிடம் பேசியதைவிட உன்னிடம் 'இருக்கேன்' சொன்னதுதான் அதிகம் என்று என் மனைவி இருந்தபோது குறைப்பட்டுக்கொள்வாள்.

டிஃப்ராஸ்ட் நேரம் உன் கண்டுபிடிப்பு. குழாய்களில் படிந்த பனி உருகுவதற்காக அந்தப் பெரிய காற்றாடிகள் தாமாகவே நின்றுவிடும். நாள் முழுக்க காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று அறுந்துபோகும். மற்றவர்கள் சிகரெட் பிடிக்க வெளியே ஓடுவார்கள். நீ மட்டும் ஒருநாள் கதவைச் சாத்தி, விளக்கையும் அணைத்தாய்.

"டேய், என்னடா செய்ற?" என்று கத்தினேன். எனக்கு இருட்டென்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாது, உனக்குத் தெரியும்.

"வாய மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் நில்லுடா. கதவுல பச்சையா மினுங்குது பாரு, அதத் தள்ளினா தொறந்துக்கும். பயப்படாத லா."

நான் அந்தப் பச்சைக் குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன். கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே கறுப்பு. என் மூச்சுச் சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. எங்கோ பனி உருகி ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு நீ மெதுவாகக் கேட்டாய்: "இருக்கியா?"

"இருக்கேன்."

"அவ்வளவுதான்டா. சாமியும் இதத்தான் சொல்லுது. வேற ஒண்ணும் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் கேலி செய்தேன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறுகிறவன் மீன் பெட்டிகளுக்கு நடுவில் சாமி தேடுகிறானே என்று. நீ கோபித்துக்கொள்ளவில்லை. "அங்க சாமியப் பாக்க ஐநூறு தலை மறைக்குது. இங்க லைட்ட அணைச்சா போதும்" என்றாய். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் கிலாவா?" என்று திட்டினான். பைத்தியம்தான் என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஆனாலும் மறுநாள் காற்றாடி நின்றபோது நான் சிகரெட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று நீ கேட்கவும் இல்லை.

ஒரே ஒருமுறை பதில் சொல்லாமல் இருந்தேன். அந்த வருடம் தைப்பூசத்துக்கு உனக்கு லீவு கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கடுப்பு. நீ அடுத்த வரிசையிலிருந்து "இருக்கியா?" என்றாய். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து வாயை இறுக்கிக்கொண்டேன். இரண்டாவது முறை உன் குரல் மாறியது. மூன்றாவது முறை நீ ஓடி வந்தாய், பனித் தரையில் வழுக்கி விழுந்தாய், முழங்கை எலும்பில் விரிசல் விட்டது. வலியில் முகம் வெளுத்துக் கிடந்தபோதும் என்னைத் திட்டவில்லை. "சண்ட போடு, பேசாம இரு, என்ன வேணா செய். ஆனா கூப்பிட்டா பதில் சொல்லணும்டா" என்றாய். சரி என்றேன். சத்தியம் செய்யாத குறைதான்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சித்திரையில், நீ போவதற்கு முந்தைய மாலை, என் போன் மினுங்கியது. உன் பெயர். டிவியில் பந்து விளையாட்டு, சத்தம் முழுக்க வைத்திருந்தேன். எடுத்தால் அரைமணி நேரம் இருமலைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் பேசுவாய், நாளைக்குப் பேசலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். விடியற்காலையில் அடுத்த அழைப்பு உன் மகளிடமிருந்து வந்தது.

அங்கே வந்து உன் பக்கத்தில் நின்றபோது அவள் சொன்னாள்: "அப்பா நேத்து உங்ககூட பேசணும்னாரு, அங்கிள். நீங்க எடுக்கல. பரவால்ல, அவன் தூங்கியிருப்பான்னாரு."

நான் தூங்கவில்லைடா.

அன்றிலிருந்து என் வீட்டில் டிவி அணைந்ததே இல்லை. விளக்கும்தான். பாயான் பாருவில் இந்த எட்டாம் மாடி வீட்டில் நான் ஒருவன்தான். மகன் சிங்கப்பூரிலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிட்டு, "ஏம்ப்பா இவ்வளவு சத்தமா வச்சிருக்கீங்க, காது கேக்கலியா?" என்கிறான். காது நன்றாகத்தான் கேட்கிறது. சத்தம் நின்றால் நீ கூப்பிடுவாயோ என்றுதான் பயம்.

இன்று விடியற்காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. மார்கழி. இங்கே ஏழு மணிக்குமேல்தான் வெளிச்சம் வரும். மழை விட்டிருந்தது. கீழே சின்னக் கோயிலில் இன்னும் பாட்டுப் போடவில்லை. நாற்காலியில் உன் ஜாக்கெட் கிடந்தது. என்ன தோன்றியதோ, அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். தோள் பெரிது, நீ எருமை. டிவியை அணைத்தேன். காற்றாடியை நிறுத்தினேன். கடைசியாக விளக்கு. சுவிட்சிலிருந்து கையை எடுக்க வெகுநேரமானது.

ஐஸ்பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வியர்வை முதுகில் வழிய உட்கார்ந்திருந்தேன். பிறகு அதுவும் தானாக நின்றது.

உனக்குத் தெரியும் அந்த அமைதி. அதேதான். ஐஸ்பெட்டிக்குள் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்ன அந்த ஒரே சொல்லைக் கூட நான் கேட்கவில்லை. இருட்டு இருந்தது, உன் தைல வாசம் இருந்தது, நான் இருந்தேன். பயம் இல்லை. ஆனால் இவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

அப்போதுதான் புரிந்தது. நீ ஏன் கூப்பிட வேண்டும்? நீ கூப்பிட்டுவிட்டாய். சித்திரையிலேயே கூப்பிட்டுவிட்டாய். பாக்கி நிற்பது என் பதில்தான்.

பெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, அந்தக் காலத்தில் கத்துவதுபோலவே கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா என்ன நினைத்தாரோ.

"இருக்கேன் லா!"